கையில் 140, கணுக்காலில் 90: கால் தமனி அடைப்பை முன்கூட்டியே காட்டும் கையடக்க டாப்ளர் கருவி

ரத்த அழுத்தம் என்றதும் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது மேற்கையில் சுற்றப்படும் காற்றுப் பட்டைதான். ஆனால் ஒருவரது கையில் எடுக்கப்படும் அளவு சீராக இருக்கும்போதே, அவரது காலுக்குப் போதிய ரத்தம் செல்லாமல் இருக்கக்கூடும். கணுக்காலிலும் அழுத்தத்தை அளந்து, கையின் அளவோடு ஒப்பிட்டால் மட்டுமே அந்தக் குறை எண்ணாக வெளிப்படும். அந்த அளவை எடுக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது கையடக்க டாப்ளர் என்னும் சிறிய கருவி.

உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி, அதில் ஓர் ஒலிபெருக்கி, கம்பியால் இணைக்கப்பட்ட பேனா வடிவ முனை ஆகியவையே இதன் பாகங்கள். மின்கலத்தில் இயங்குவதால் மின்சாரம் தடைபட்ட இடத்திலும் இதைப் பயன்படுத்த முடியும். சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்போரும் அதிகமுள்ள இந்தியாவில், காலை இழக்கும் நிலைக்குச் செல்லும் முன்பே நோயை அறிய உதவும் எளிய வழிகளில் இதுவும் ஒன்று.

கருவி செயல்படும் விதம்

நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி கூர்மையாகவும், கடந்து சென்றபின் தணிந்தும் கேட்பது அனைவரும் அறிந்த அனுபவம். அலையின் மூலமோ அதைத் திருப்பி அனுப்பும் பொருளோ நகரும்போது அலையின் அதிர்வெண் மாறுவதை ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ஆம் ஆண்டு விளக்கினார். அவர் அதை விண்மீன்களின் ஒளிக்காகவே எழுதினார். ரத்த ஓட்டத்துக்கும் இதே விதி பொருந்தும் என்பதை ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1950-களில் ஜப்பானின் ஒசாகாவில் ஷிகேயோ சட்டோமுரா தலைமையிலான ஆய்வாளர்கள் மீயொலி அலைகளின் துணைகொண்டு காட்டினர்.

கருவியின் முனையில் இரு படிகங்கள் உள்ளன. ஒன்று மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலி அலைகளைத் தொடர்ந்து அனுப்புகிறது. மற்றொன்று ரத்தச் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் அலைகளை வாங்குகிறது. ரத்தம் நகர்வதால் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே மாறியிருக்கும். அந்த வேறுபாட்டைத்தான் கருவி ஒலியாக மாற்றுகிறது. எடுத்துக்காட்டாக, 8 மெகாஹெர்ட்ஸ் அலையை 60 டிகிரி கோணத்தில் செலுத்தும்போது, ரத்தம் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால் கிடைக்கும் வேறுபாடு ஏறத்தாழ 2,600 ஹெர்ட்ஸ். இது காதுக்குத் தெளிவாகக் கேட்கும் எல்லைக்குள் வருவதால், ரத்த ஓட்டம் 'உஸ்... உஸ்' என்ற ஓசையாக ஒலிபெருக்கியில் கேட்கிறது. கோணம் 90 டிகிரியானால் வேறுபாடு பூஜ்யத்தை நெருங்கி ஓசை மறைந்துவிடும். முனையைச் செங்குத்தாக வைக்காமல் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று பயிற்சியில் வலியுறுத்தப்படுவதன் காரணம் இதுவே.

பரிசோதனை நிலையங்களில் எடுக்கப்படும் 'கலர் டாப்ளர்' ஸ்கேனும் இதுவும் ஒன்றல்ல. ஸ்கேன் கருவி ரத்தக் குழாயின் படத்தைக் காட்டி, அடைப்பு எந்த இடத்தில் உள்ளது என்பதைச் சுட்டும். கையடக்கக் கருவி படம் எதையும் தராது. ஓட்டம் உள்ளதா, எந்த அழுத்தத்தில் அது நின்று மீண்டும் தொடங்குகிறது என்பதை மட்டுமே தெரிவிக்கும். ரத்த அழுத்தத்தை அளக்க அது போதும்.

ஸ்டெதஸ்கோப்புக்கு எட்டாத ஓசை

காற்றுப் பட்டையால் தமனியை அழுத்தி ரத்த அழுத்தத்தை அளக்கும் முறையை இத்தாலியின் சிபியோனே ரிவா-ரோச்சி 1896-இல் வகுத்தார். பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஓசைகளைக் கேட்கும் முறையை ரஷ்ய மருத்துவர் நிகோலாய் கோரோட்கோவ் 1905-இல் அறிவித்தார். இன்றும் மருத்துவமனைகளில் கையால் அளக்கப்படும் முறை இதுதான்.

ஆனால் கோரோட்கோவ் ஓசைகள் எல்லோரிடமும் எல்லா இடத்திலும் கேட்பதில்லை. கணுக்காலிலும் பாதத்திலும் உள்ள தமனிகள் சிறியவை. அங்கே ஸ்டெதஸ்கோப்பால் நம்பகமாகக் கேட்க இயலாது. கடும் அதிர்ச்சி நிலையில் ரத்த அழுத்தம் வெகுவாகச் சரிந்த நோயாளிகளிடமும், பச்சிளங் குழந்தைகளிடமும் இதே சிக்கல் உண்டு. தானியங்கிக் கருவிகள் ஓசையைக் கேட்பதில்லை. பட்டையில் எழும் அதிர்வுகளைக் கொண்டு கணக்கிடுகின்றன. துடிப்பு மிகவும் பலவீனமாக உள்ள கணுக்காலில் அவை உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டக்கூடும். அல்லது பிழைக் குறியோடு நின்றுவிடும். நோய் முற்றியுள்ள இடத்திலேயே அளவு தவறக்கூடும் என்பதால்தான், கணுக்கால் அழுத்தத்துக்கு டாப்ளர் முறை அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

அளவு எடுக்கும் முறை

நோயாளி மல்லாந்து படுத்து 5 முதல் 10 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் கணுக்கால் இதயத்தைவிடத் தாழ்ந்திருப்பதால், ரத்தத்தின் எடையும் சேர்ந்து அளவு பொய்யாக உயர்ந்துவிடும். அறை குளிர்ந்திருந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும் என்பதால் இதமான வெப்பநிலை தேவை. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குப் புகைபிடிக்கக் கூடாது.

பட்டையின் அகலம், அது சுற்றப்படும் இடத்தின் சுற்றளவில் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். குறுகிய பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். கணுக்காலில் சுற்றும்போது பட்டையின் கீழ் விளிம்பு, உட்புறக் கணுக்கால் எலும்புக்கு 2 சென்டிமீட்டர் மேலே அமைவது வழக்கம்.

அதன்பின் தோலில் மீயொலிக்குரிய ஜெல் தடவப்படுகிறது. முனைக்கும் தோலுக்கும் இடையே காற்று இருந்தால் மீயொலி அலைகள் உள்ளே செல்லாது. முனையை 45 முதல் 60 டிகிரி சாய்வில் மென்மையாக வைத்து, ஓசை மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தைத் தேட வேண்டும். அழுத்திப் பிடித்தால் சிறிய தமனி நசுங்கி ஓசையே மறைந்துவிடும்.

ஓசை கேட்டதும் பட்டையில் காற்று ஏற்றப்படுகிறது. ஓசை நின்ற அளவுக்கு மேல் மேலும் 20 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏற்றிவிட்டு, நொடிக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வீதம் மெதுவாகக் காற்று இறக்கப்படுகிறது. ஓசை மீண்டும் தோன்றும் கணத்தில் மானி காட்டும் எண்ணே அந்தத் தமனியின் சிஸ்டாலிக் அழுத்தம், அதாவது இதயம் சுருங்கும்போது உண்டாகும் மேல் அளவு. டயஸ்டாலிக் எனப்படும் கீழ் அளவை இம்முறையில் நம்பகமாக அறிய முடியாது.

இரு கைகளிலும், ஒவ்வொரு காலிலும் இரண்டு தமனிகளிலும் என மொத்தம் ஆறு இடங்களில் அளவு எடுக்கப்படுகிறது. காலில் ஒன்று உட்புறக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் செல்லும் தமனி. மற்றொன்று பாதத்தின் மேற்புறத் தமனி. கைகளிலும் டாப்ளர் முனையைக் கொண்டே அளப்பது நெறி. கையில் ஒரு முறை, காலில் வேறு முறை என்று அளந்தால் ஒப்பீடு பிறழும்.

விகிதம் கணக்கிடுதல்

ஒரு காலின் இரு தமனிகளில் கிடைத்த அளவுகளுள் பெரியதை, இரு கைகளின் அளவுகளுள் பெரியதால் வகுத்தால் கிடைப்பது கணுக்கால்–கை அழுத்த விகிதம். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக 'ஏபிஐ' என்பர். ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியே இது கணக்கிடப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒருவரது கைகளில் 136, 140 என்ற அளவுகள் கிடைப்பதாகக் கொள்வோம். வலது கணுக்காலில் 90, 84. இடது கணுக்காலில் 146, 142. வலது காலின் விகிதம் 90-ஐ 140-ஆல் வகுக்க 0.64. இடது காலின் விகிதம் 146-ஐ 140-ஆல் வகுக்க 1.04. கையில் மட்டும் அளந்திருந்தால் 140 என்ற ஓர் எண்ணோடு பரிசோதனை முடிந்திருக்கும். இரண்டு கால்களுள் ஒன்றுக்கு ரத்தம் போதாமல் இருப்பது தெரிந்திருக்காது.

உடல்நலம் உள்ளவரிடம் கணுக்கால் அழுத்தம் கை அழுத்தத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். துடிப்பலை இதயத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல அதன் உச்சம் உயர்வதே இதற்குக் காரணம். எனவே விகிதம் 1.00 முதல் 1.40 வரை இருந்தால் இயல்பு; 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு, 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் கால் தமனியில் அடைப்பு உள்ளது எனக் கொள்ளப்படுகிறது. 0.40-க்கும் கீழே சென்றால் நோய் கடுமையானது. விகிதம் எதுவாயினும், ஆறாத புண்ணோ ஓய்விலும் தீராத வலியோ உள்ளவரின் கணுக்கால் அழுத்தம் 50-க்குக் கீழே இருந்தால், காலைக் காப்பாற்ற அவசர சிகிச்சை தேவைப்படும் நிலையாக அது கருதப்படுகிறது.

சிலரது விகிதம் ஓய்வில் இயல்பாக இருந்து, நடந்தபின் சரியும். நடக்கும்போது கெண்டைக்காலில் வலி தோன்றி, நின்றதும் சில நிமிடங்களில் தணியும் நோயாளிக்கு ஓய்வில் அளவு சீராக இருந்தால், நடக்கவைத்து உடனே மீண்டும் அளப்பது வழக்கம்.

சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு பொறி

விகிதம் 1.40-க்கு மேல் வந்தால் ரத்த ஓட்டம் மிகச் சிறப்பாக உள்ளது என்று பொருள் அல்ல. நீண்ட காலச் சர்க்கரை நோயாலோ சிறுநீரகச் செயலிழப்பாலோ தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து குழாய் விறைத்துவிடுகிறது. அத்தகைய தமனியைப் பட்டையால் நசுக்க முடியாது. கையில் 140 உள்ளவருக்குக் கணுக்காலில் 230 வரை காற்று ஏற்றியும் ஓசை நிற்காமல் போகலாம். அங்கே அளக்கப்படுவது ரத்தத்தின் அழுத்தம் அன்று, குழாயின் விறைப்பு.

இதில் மேலும் நுட்பமான ஆபத்து ஒன்றுண்டு. தமனி ஓரளவு விறைத்தும் ஓரளவு அடைபட்டும் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து விகிதம் 1.10 போன்ற இயல்பான எண்ணாகத் தோன்றக்கூடும். அதனால் சர்க்கரை நோயாளியின் பாதத்தில் புண் இருக்கும்போது, ஏபிஐ எண்ணை மட்டும் நம்பி ரத்த ஓட்டம் சரி என்று முடிவு செய்வதில்லை. கால் பெருவிரலின் தமனிகள் பெரும்பாலும் விறைப்பதில்லை என்பதால், சிறு பட்டை கொண்டு அங்கும் அழுத்தம் அளக்கப்படுகிறது. பெருவிரல் அழுத்தத்துக்கும் கை அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் 0.70 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு எனக் கொள்வர்.

டாப்ளரின் ஓசையும் ஒரு சான்று. நலமான தமனியில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னோக்கிய ஓட்டம், சிறு பின்னோக்கம், மீண்டும் முன்னோக்கம் என மூன்று பகுதிகள் கேட்கும். மேலே அடைப்பு இருந்தால் இந்தப் பகுதிகள் மறைந்து, காற்று வீசுவது போன்ற ஒற்றை, மந்தமான ஓசையே மிஞ்சும். எண் இயல்பாகவும் ஓசை மந்தமாகவும் இருந்தால், அனுபவமுள்ள செவிலியர் அந்த எண்ணை ஏற்காமல் மருத்துவரின் கவனத்துக்குக் கொண்டுசெல்வார்.

இதயத்துக்கும் எச்சரிக்கை

கால் தமனியில் கொழுப்புப் படிந்துள்ளவருக்கு இதயத்துக்கும் மூளைக்கும் செல்லும் தமனிகளிலும் அதே நோய் இருக்க வாய்ப்பு அதிகம். உலகின் பல பகுதிகளில் நடந்த 16 தொடர் ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2008-இல் வெளியான ஆய்வு, விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழே உள்ளவர்களிடம் பத்தாண்டுகளில் இறப்பும் பெரிய இதய நிகழ்வுகளும் ஏறத்தாழ இருமடங்காக இருந்ததைக் காட்டியது. வயது, கொழுப்பு, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் வழக்கமான அபாய மதிப்பீட்டையும் தாண்டி இந்த எண் தகவல் தந்தது.

ஆகவே கணுக்காலில் குறைந்த அளவு கண்டறியப்பட்டவருக்கு, கால் வலி இல்லாவிட்டாலும் கொழுப்பைக் குறைக்கும் மருந்து, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையிலையை முற்றாக நிறுத்துதல் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். முறையான நடைப்பயிற்சியும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

கட்டுப் போடும் முன்

சுருள் சிரை நோயால் காலில் ஆறாத புண் உள்ளவர்களுக்கு இறுக்கமான அழுத்தக் கட்டுப் போடுவது நல்ல சிகிச்சை. ஆனால் அதே காலின் தமனியிலும் அடைப்பு இருந்தால், அந்த இறுக்கம் எஞ்சியுள்ள ரத்த ஓட்டத்தையும் தடுத்துவிடும். அதனால் கட்டுப் போடும் முன் டாப்ளர் கொண்டு விகிதத்தை அளப்பது நெறிமுறை. 0.80 அல்லது அதற்கு மேல் என்றால் முழு அழுத்தக் கட்டு பொதுவாகப் பாதுகாப்பானது. 0.50-க்கும் 0.80-க்கும் இடையே என்றால் சிறப்பு மருத்துவரின் மேற்பார்வையில் குறைந்த அழுத்தம் மட்டுமே. 0.50-க்குக் கீழே அழுத்தக் கட்டு தவிர்க்கப்படுகிறது.

நாடி இல்லாத நோயாளி

இதயச் செயலிழப்பு முற்றியவர்களுக்குப் பொருத்தப்படும் எல்வேட் எனப்படும் துணை பம்ப், ரத்தத்தைத் துடிப்பின்றித் தொடர்ச்சியாகச் செலுத்துகிறது. அவர்களில் பலருக்கு மணிக்கட்டில் நாடி தென்படாது. ஸ்டெதஸ்கோப்பிலும் ஓசை கேட்காது. தானியங்கிக் கருவியும் அடிக்கடி தோல்வியுறும். மேற்கையில் பட்டை சுற்றி, டாப்ளரில் ஓட்டத்தின் ஓசை மீண்டும் தொடங்கும் எண்ணைக் குறிப்பதே அவர்களுக்கான வழி. துடிப்பு மிகக் குறைவாக உள்ள நிலையில் அந்த எண் சராசரி ரத்த அழுத்தத்தை ஒட்டியிருக்கும். அழுத்தம் அதிகமானால் பக்கவாத அபாயம் கூடும் என்பதால், இவர்களுக்கு இந்த அளவு அன்றாடத் தேவை.

கருவியின் எல்லைகள்

டயாலிசிஸ் சிகிச்சைக்காக ரத்தக் குழாய் இணைப்பு செய்யப்பட்ட கையில் பட்டை சுற்றக் கூடாது. காலில் ஆழ்சிரை ரத்த உறைவு இருப்பதாக ஐயம் எழுந்தாலோ, அண்மையில் மாற்றுக் குழாய் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ அந்த இடத்திலும் பட்டை தவிர்க்கப்படுகிறது. புண் இருந்தால் அதைத் தூய படலத்தால் மூடிய பிறகே பட்டை சுற்ற வேண்டும்.

முனையின் தேர்வும் முக்கியம். கணுக்கால் தமனி தோலுக்கு அருகில் உள்ளதால் 8 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் முனை ஏற்றது. பிரசவ வார்டில் கருவின் இதயத் துடிப்பைக் கேட்கப் பயன்படும் டாப்ளரும் இதே தத்துவத்தில் இயங்குவதே. ஆனால் ஆழத்தில் உள்ள ஓட்டத்தைக் கேட்பதற்காக அதன் முனை 2 முதல் 3 மெகாஹெர்ட்ஸ் அளவில் அமைக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு கணுக்காலை அளப்பது பொருந்தாது. வீட்டில் ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்க மேற்கையில் சுற்றும் தானியங்கிக் கருவியே போதும். டாப்ளர் அதற்கு மாற்று அன்று.

இந்தியாவில் இதன் தேவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளதாக மதிப்பிட்டது. வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும், 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாக அது கூறியது. கால் தமனி நோயை வளர்க்கும் முதன்மைக் காரணங்கள் இவ்விரண்டும் புகைப்பழக்கமும்தான்.

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் கீழ் 30 வயதைக் கடந்தோருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பரிசோதிக்கப்படுகின்றன. அங்கே பொதுவாக அளக்கப்படுவது கையின் ரத்த அழுத்தமே. கால் தமனி நோய் உள்ள பலருக்கு வெளிப்படையான அறிகுறி இருப்பதில்லை. சர்க்கரை நோயால் நரம்பு மரத்துப்போனவருக்கு எச்சரிக்கையாக வர வேண்டிய வலியும் வராது. விரல் கறுத்த பின்னரே மருத்துவமனையை அடையும் நோயாளிக்கு எஞ்சும் வழிகள் மிகக் குறைவு. பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், ஒரு காற்றுப் பட்டை, ஒரு கையடக்க டாப்ளர் ஆகியவற்றைக் கொண்டு சுமார் அரை மணி நேரத்தில் முடியும் பரிசோதனை, அந்த நிலையைப் பல மாதங்களுக்கு முன்பே சுட்டிக்காட்டக்கூடும்.

நடக்கும்போது கெண்டைக்காலில் வலி வந்து நின்றால் தணிவது, இரவில் பாதம் வலித்துக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் குறைவது, ஒரு பாதம் மட்டும் குளிர்ந்திருப்பது, சிறு காயமும் வாரக்கணக்கில் ஆறாமல் இருப்பது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரை அணுகிக் கணுக்கால் அழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேட்கலாம். 65 வயதைக் கடந்தவர்களும், 50 வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்போரும் அறிகுறி இல்லாவிட்டாலும் இதுபற்றி மருத்துவரிடம் கலந்து பேசுவது நல்லது. பாதமோ விரலோ திடீரென வெளிறி, குளிர்ந்து, உணர்விழந்தால் அது தமனி முழுமையாக அடைபட்டதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது நேரம் கடத்தாமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.